பெங்களூரில் விவாகரத்து: வீடு, நகை, கடனை நியாயமாகப் பிரித்துக்கொள்வது எப்படி?

விவாகரத்து என்று பேச்செடுத்ததும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் முதலில் வரும் கேள்வி, "சொத்தில் பாதி கிடைக்குமா?" என்பதுதான். தானாகக் கிடைக்காது. வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு, திருமணத்துக்குப் பின் வாங்கியதெல்லாம் இருவருக்கும் சரிபாதி என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கோவாவில் போர்த்துகீசியர் காலத்துச் சட்டம் இன்னும் இருப்பதால் அங்கே அப்படி ஒரு முறை உண்டு. கர்நாடகத்திலோ தமிழ்நாட்டிலோ கிடையாது. இங்கே பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ, சொத்து அவருடையது என்பதே தொடக்கப் புள்ளி. நீதிமன்றம் ஜீவனாம்சம் நிர்ணயிக்கும், சீதனத்தை (பெண்ணுக்கு அன்பளிப்பாக வந்ததை) திருப்பித் தரச் சொல்லும், திருமணத்தின்போது இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றி இந்துத் திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் உத்தரவிடும். மற்றபடி வீட்டை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அதன் கையில் கொடுக்கவில்லை.

ஆகவே நியாயமான பங்கீடு வேண்டுமென்றால், அதைக் கணவனும் மனைவியும் கணக்குப் போட்டு, எழுதி, பதிவு செய்துதான் உருவாக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வேலையைப் பற்றியதுதான்.

2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்புக்கும் சம பங்கு உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது. மிக முக்கியமான தீர்ப்பு. ஆனால் கர்நாடக நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. வாதத்தில் எடுத்துக்காட்டலாம், பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம். அதை மட்டும் நம்பி வழக்கில் இறங்க வேண்டாம்.

முதலில் காகிதங்கள்

வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும். பெங்களூர் வீட்டுக்கான கிரயப் பத்திரம், இ-கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டு ஆவணம்), சொத்து வரி ரசீது. கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் விண்ணப்பித்து வாங்கிய வில்லங்கச் சான்று. ஊரில் மனையோ நிலமோ இருந்தால் பட்டாவும் தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றும். வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றில் சில ஆண்டுகளுக்கானவை. மியூச்சுவல் பண்டு, பங்குகள் எல்லாவற்றையும் பான் எண்ணை வைத்து ஒரே தொகுப்பு அறிக்கையாகப் பெற முடியும்.

உங்கள் கடன் வரலாற்று அறிக்கையையும் எடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகவே கிடைக்கும். அதில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கும் எல்லாக் கடன்களும் தெரிந்துவிடும். நினைவே இல்லாமல் கையெழுத்துப் போட்ட தனிநபர் கடன் அதில் எட்டிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

எதிர்த்தரப்பு மறைக்கும் என்று பயந்து, பொதுவான லாக்கரைக் காலி செய்வதும், வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவதும் வேண்டாம். படியெடுத்து வைத்தால் போதும். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளும் இடம் அது. சொத்தை அண்ணன் பெயருக்கோ நண்பர் பெயருக்கோ மாற்றப்போகிறார்கள் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் காத்திருக்காதீர்கள். இடைக்காலத் தடை கேட்டு உடனே மனு போட வேண்டும்.

நகை: இங்கேதான் நிதானம் வேண்டும்

தமிழ்க் குடும்பங்களில் வீட்டைவிட நகைக்குத்தான் கண்ணீரும் கோபமும் அதிகம். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின்போதோ, பிறகோ பெண்ணுக்கு அன்பளிப்பாக வந்தது அவளுடைய சீதனம். பெற்றோர் போட்டது, தாய்மாமன் சீர், மாமியார் போட்ட வளையல், வளைகாப்புக்கு வந்தது எல்லாமே அதில் அடங்கும். அது கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவான சொத்து கிடையாது என்று 1985ஆம் ஆண்டு பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024இல் கேரளப் பெண் ஒருவரின் வழக்கில், கணவர் வீட்டார் எடுத்துக்கொண்ட 89 சவரன் நகைக்கு ஈடாக 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. இக்கட்டில் மனைவியின் நகையைக் கணவர் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உரிமை தெளிவு. நிரூபிப்பதுதான் கஷ்டம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, "எத்தனை சவரன் போட்டீர்கள்?" என்று கேட்டால் பெண் வீட்டார் ஒரு எண் சொல்வார்கள், பிள்ளை வீட்டார் வேறொன்று சொல்வார்கள். அப்போது உதவுவது பரணில் கிடக்கும் பொருள்கள்தான். சீர்வரிசைப் பட்டியல், மொய் நோட்டு, நகைக்கடை ரசீது, திருமண ஆல்பம். ஆல்பத்தில் முகூர்த்தப் படத்தையும் வரவேற்புப் படத்தையும் அருகருகே வைத்து, கழுத்தில் இருப்பதை மேலிருந்து கீழாக எழுதுங்கள்: அட்டிகை, முத்துமாலை, காசுமாலை, நெக்லஸ், பிறகு கை, இடுப்பு, காது. ஒவ்வொன்றின் எதிரிலும் எடை, வாங்கிக் கொடுத்தவர், இப்போது எங்கே இருக்கிறது என்ற மூன்று விவரம். "இப்போது எங்கே" என்ற கட்டத்தில் பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்று வரும். கையில் இருக்கிறது, லாக்கரில் இருக்கிறது, மாமியார் வீட்டில் இருக்கிறது, அடகு வைத்தோ விற்றோ செலவாகிவிட்டது.

கடைசி விடைதான் சிக்கலானது. பழைய நகையைப் போட்டுப் புதியது எடுத்திருந்தால், அந்தக் கடை ரசீதில் பழைய தங்கத்தின் எடை கழிக்கப்பட்டிருக்கும். அதுவே சான்று. அடகுக் கடையின் சீட்டு, வங்கியின் நகைக்கடன் கணக்கு ஆகியவை தேதியோடு எடையையும் சொல்லும். நகையைக் கிராமில் பேசுங்கள், ரூபாயில் பேசாதீர்கள். 2012இல் இரண்டு லட்சத்துக்கு எடுத்த ஆரத்துக்கு இன்று இரண்டு லட்சம் தருகிறேன் என்பது நியாயமான பேச்சே இல்லை.

இன்னொன்றும் உண்டு. சமரசம் பேசும்போதே நகையைச் சேர்த்துப் பேசி எழுதிவிட வேண்டும். "மகளுடையதை அப்புறம் நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்" என்று அப்பா சொல்வார். முடியாது. மகள் உயிரோடும் சுயமாக முடிவெடுக்கும் நிலையிலும் இருக்கும்போது அவள் அதிகாரம் தராமல் தந்தை சீதனத்தைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. அந்த வழக்கில் விவாகரத்தின்போதே எல்லாம் பேசித் தீர்த்ததாக ஒப்பந்தம் வேறு இருந்தது.

மணமகனுக்குப் பெண் வீட்டார் போட்ட மோதிரமும் சங்கிலியும், அவருடைய பெற்றோர் அவருக்குக் கொடுத்த வண்டியும் அவருடையவை. அதைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. வரதட்சணை என்று கேட்டு வாங்கியது வேறு கதை. அது குற்றம், அந்தப் பணமும் பொருளும் பெண்ணிடம் சேர வேண்டியவை என்று 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமே சொல்கிறது.

வீடு: ஒரு கணக்கு

வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பெயரும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. யார் எவ்வளவு போட்டார் என்று காட்ட எந்த ஆதாரமும் இல்லையென்றால் இருவருக்கும் சம பங்கு என்றே சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஆதாரம் இருந்தால் போட்ட விகிதத்தில்.

ஒரே பெயரில் இருந்தால்? எடுத்துக்காட்டாக ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். 2015இல் பானஸ்வாடியில் 60 லட்சத்துக்கு ஒரு பிளாட். வங்கிக் கடன் 42 லட்சம். கைப்பணம் 18 லட்சம். அதில் மனைவியின் 25 சவரன் நகையை விற்று வந்தது 5 லட்சம், அவருடைய அப்பா கொடுத்தது 3 லட்சம், கணவரின் சேமிப்பும் பி.எஃப். பணமும் 10 லட்சம். பத்திரம் கணவர் பெயரில். மாதத் தவணை அவர் சம்பளத்தில் போகிறது. பள்ளிக் கட்டணமும் மளிகையும் மனைவி சம்பளத்தில். இன்று பிளாட்டின் மதிப்பு 1 கோடியே 10 லட்சம், கடன் பாக்கி 30 லட்சம். அப்படியானால் கையில் மிஞ்சும் மதிப்பு 80 லட்சம்.

நான் நியாயம் என்று நினைக்கும் கணக்கு இது. முதலில் அவரவர் போட்ட கைப்பணத்தை எடுத்து வைக்க வேண்டும்: மனைவிக்கு 8, கணவருக்கு 10. மீதி 62 லட்சம். இது தவணையாலும் விலை ஏற்றத்தாலும் வந்தது. தவணை ஒருவர் கணக்கிலிருந்து போனாலும், வீட்டுச் செலவை மற்றவர் தாங்கியதால்தான் அது போனது. ஆகவே பாதி, பாதி: 31, 31. மனைவிக்கு 39 லட்சம், கணவருக்கு 41 லட்சம். மனைவி வேலைக்குப் போகாதவராக இருந்தாலும் இதே கணக்குத்தான் சரி என்பேன். சமைத்துப் போட்டு, குழந்தையைப் பார்த்து, மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஆண்டுகளுக்கு வேறு எந்த ரசீதும் கிடையாது.

"என் தவணை, என் வீடு, உன் 8 லட்சத்தை எடுத்துக்கொள்" என்று கணவர் சொல்வதும் சரியில்லை. "25 சவரனுக்கு இன்றைய விலையும் வேண்டும், வீட்டின் விலை ஏற்றத்திலும் பங்கு வேண்டும்" என்று மனைவி கேட்பதும் சரியில்லை. வீட்டுக்குள் போன தங்கம் வீட்டோடு சேர்ந்து வளர்ந்தது. ஒன்று தங்கத்தின் ஏற்றம், அல்லது வீட்டின் ஏற்றம். இரண்டில் எது அதிகமோ அதைக் கேட்டுப் பேரம் பேசுங்கள்.

இந்த 39 லட்சத்தை அப்படியே தரச் சொல்லி எந்தச் சட்டப் பிரிவும் கட்டாயப்படுத்தாது என்பதை மறக்கக் கூடாது. நகை விற்ற பணம், அப்பாவின் பணம் ஆகியவை வங்கி வழியாகப் போனதற்குச் சான்று இருந்தால், 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி அதே நீதிமன்றத்தில் சொத்து வழக்காகவும் கேட்கலாம். நிரந்தர ஜீவனாம்சம் கேட்க இந்துத் திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் கையில் இருக்கிறது. இந்த இரண்டு வாய்ப்பும் சேர்ந்துதான் எதிர்த்தரப்பை மேசைக்குக் கொண்டுவருகின்றன. அதே நேரத்தில், ஜீவனாம்சம் இருவரின் செல்வத்தையும் சமப்படுத்துவதற்கான கருவி இல்லை என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

கணவர் பணத்தில் மனைவி பெயரில் வாங்கிய வீடும் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். தெரிந்த வருமானத்தில் வாழ்க்கைத் துணையின் பெயரில் வாங்குவதைப் பினாமித் தடைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. அதனால் அது என் பணம் என்று கணவர் வழக்குத் தொடுக்க இடம் உண்டு.

பெற்றோர் வழி வந்த சொத்து அவரவருடையது. சேலத்தில் மனைவிக்கு அப்பா எழுதி வைத்த வீட்டில் கணவருக்குப் பங்கில்லை. கணவரின் பூர்வீக நிலத்தில் அவர் உயிரோடு இருக்கும்போது மனைவிக்குப் பங்கில்லை. மாமியார் மாமனார் பெயரில் இருக்கும் வீட்டில் பங்கு கேட்க முடியாது. ஆனால் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் தங்கும் உரிமை கேட்கலாம். தங்கும் உரிமை, உடைமை ஆகாது.

பெங்களூருக்கே உரிய ஒன்று, லீஸ். மொத்தமாகப் பத்து, பதினைந்து லட்சம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பவர்கள் நம்மவர்களில் நிறைய. ஒப்பந்தத்தில் யார் பெயரோ, அவரிடம்தான் வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார். நகையை அடகு வைத்துக் கொடுத்த லீஸ் பணம், பிரிந்த மறுமாதம் ஒருவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். பிரிவு உறுதியானதுமே இருவரும் கையெழுத்திட்டு வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பணத்தை இன்ன விகிதத்தில் இரண்டு கணக்கிலும் போடச் சொல்லி, அவருடைய ஒப்புதல் கையெழுத்தையும் வாங்குங்கள். வாடகை வீட்டு அட்வான்சுக்கும் இதே வழி.

கடன்

பலரும் தவறவிடும் இடம் இதுதான். "வீட்டுக் கடனை இனி கணவரே கட்டுவார்" என்று தீர்ப்பில் எழுதியிருந்தாலும் வங்கிக்கு அதனால் கட்டுப்பாடு இல்லை. கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டவர், கடன் முடியும்வரை கடனாளிதான். மற்றவர் தவணையைத் தவறவிட்டால் உங்கள் கடன் மதிப்பெண்ணும் சேர்ந்து சரியும். எனவே வங்கியில் முதலில் கேளுங்கள்: வீட்டை வைத்துக்கொள்பவர் ஒருவர் வருமானத்தை வைத்துக் கடனைத் தொடர விடுவார்களா? மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றி ஒருவர் பெயரில் புதுக் கடன், அல்லது வீட்டை விற்று அடைப்பது. மூல ஆவணங்கள் வங்கியில் இருப்பதால், ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் இல்லாமல் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரமும் நகராது. ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே இந்தப் பதில் கையில் இருக்க வேண்டும்.

பி.பி.எஃப்., பி.எஃப். கணக்குகள் தனிப்பெயரில்தான் இருக்கும், மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது. இருப்பைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வேறு பணத்தால் ஈடுசெய்யுங்கள். ஐ.டி. நிறுவனப் பங்கு ஒதுக்கீடுகளில் கைக்கு வந்ததையும் இனி வரவேண்டியதையும் தனித்தனியாக எழுதுங்கள். பெண் குழந்தையின் செல்வமகள் சேமிப்புக் கணக்கு குழந்தையுடையது, பங்கீட்டில் சேர்க்கக் கூடாது. 1874ஆம் ஆண்டுத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த ஆயுள் காப்பீடும் மனைவி மக்களுக்கான அறக்கட்டளை போன்றது. சாதாரணப் பாலிசிபோல நினைத்துக் கைவைக்க முடியாது.

சமரசப் பேச்சு

குடும்ப நீதிமன்றமும் பெங்களூர் சமரச மையமும் ஹெச். சித்தையா சாலையில் 'நியாய தேகுலா' என்ற கட்டடத்தில் இருக்கின்றன. சமரச மையம் 2007 முதல் நடக்கிறது. நீதிமன்றம் அனுப்பும் வழக்குகளில் சமரசர் இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் அழைத்துப் பேசுவார். அங்கே பேசியது ரகசியம். ஒத்துவராவிட்டால் அதை வழக்கில் ஆதாரமாகக் காட்ட முடியாது. ஆகவே தயங்காமல் எண்களை வைத்துப் பேசலாம். கன்னடமும் ஆங்கிலமும் சரளமாக வராவிட்டால், தமிழ் தெரிந்த சமரசர் வேண்டுமென்று முதல் நாளே கேளுங்கள். புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்திடுவதைவிட இன்னொரு தேதி வாங்குவது மேல்.

வக்கீல் செலவுக்கு வழியில்லாத பெண்கள், சட்டப் பணிகள் ஆணையத்தில் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. உதவி எண் 15100.

திருமணம் வேலூரில் நடந்திருந்தாலும், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது பெங்களூர் என்றால் இங்கே மனு போடலாம். மனைவி இப்போது வாழும் ஊரிலும் அவர் போடலாம். சொந்த ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவதில் தவறில்லை, பல குடும்பங்களில் அதுதான் முதல் கதவு. ஆனால் பஞ்சாயத்தில் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்ட விடுதலைச் சீட்டு விவாகரத்தும் ஆகாது, வீட்டையும் மாற்றாது.

ஒப்பந்தத்தை எழுதும்போது

இருவரும் ஒத்துப்போனால் இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவின் கீழ் கூட்டு மனு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இரண்டாவது விசாரணைக்கும் ஆறு மாத இடைவெளி. ஜீவனாம்சம், குழந்தை, சொத்து எல்லாம் ஏற்கெனவே பேசித் தீர்ந்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, கணக்கை முதலில் முடித்தவர்களுக்குக் காலமும் மிச்சம்.

"சொத்துத் தகராறுகள் அனைத்தும் தீர்ந்தன" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். ஒவ்வொரு சொத்தும் சர்வே எண், கத்தா எண், நான்கெல்லை சகிதம் மனுவின் அட்டவணையிலேயே வரவேண்டும். வழக்கின் பொருளாக இல்லாத அசையாச் சொத்தைச் சமரசத் தீர்ப்பில் மாற்றினால், அந்தத் தீர்ப்பைத் தனியாகப் பதிவு செய்யவேண்டி வரும். நகைகள் எடையோடு, ஒப்படைக்கும் தேதியோடு, பெற்றுக்கொண்ட கையெழுத்தோடு. பணம் என்றால் எந்தத் தேதியில், எந்த டிடி எண்ணில் என்று. முதல் விசாரணையன்று பாதி, இரண்டாவதன்று மீதி என்று பிரிப்பது இங்கே வழக்கம். இருவருக்கும் அது பாதுகாப்பு. பணம் வராமல் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம்.

குழந்தையின் பராமரிப்புத் தொகையை மனைவியின் பங்கோடு கலக்க வேண்டாம். அது குழந்தையின் உரிமை, அம்மாவோ அப்பாவோ விட்டுக்கொடுக்க முடியாது. குழந்தையின் பெயரில் சொத்து இருந்தால் நீதிமன்ற அனுமதியின்றி அதை விற்கவும் கூடாது.

இஸ்லாமியக் குடும்பங்களில் மஹர் (திருமணத்தின்போது கணவர் மனைவிக்குத் தருவதாக ஏற்ற தொகை) தனியாகத் தீர்க்கப்பட வேண்டும். கிறிஸ்தவர்களுக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கும் மனுவின் சட்டப் பிரிவு மாறும். கணக்குப் போடும் முறையும் காகிதங்களும் எல்லோருக்கும் ஒன்றே.

பதிவும் அதற்குப் பிறகும்

ஒருவர் பங்கை மற்றவருக்கு விடுவதற்கு விடுதலைப் பத்திரம் அல்லது தானப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டுச் சொத்துக்கு அந்த ஊர்ச் சார்பதிவாளரிடம்தான் போக வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்கிடையே எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் ஒருவருக்கொருவர் குடும்ப உறுப்பினர் இல்லை. முழுத் தீர்வை கேட்டால் லட்சக்கணக்கில் போகும். ஆகவே தீர்ப்புக்கு முன்பே பதிவா, தீர்ப்பின் பகுதியாகவா என்பதை வக்கீலிடமும் பத்திர எழுத்தரிடமும் எண்ணோடு கேட்டு முடிவு செய்யுங்கள். மொத்தமாக வாங்கும் ஜீவனாம்சத்தையும் மாதந்தோறும் வாங்குவதையும் வருமான வரி ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

பத்திரம் பதிவானதும் கத்தா, சொத்து வரி, மின் இணைப்பு, அடுக்குமாடிச் சங்கத்தின் உறுப்பினர் பெயர் ஆகியவற்றை மாற்றுங்கள். பி.எஃப்., காப்பீடு, வங்கி, டீமேட் கணக்குகளில் வாரிசுதாரர் (நாமினி) பெயர் இன்னும் முன்னாள் துணையுடையதாகவே இருக்கும். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பழைய உயில் இருந்தால் புதிதாக எழுதுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலை ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் வங்கிக்கும் கத்தா அலுவலகத்துக்கும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் கேட்பார்கள்.